முப்பதுக்கு முப்பது

போன மாதம் மலையிலிருந்து தனலட்சுமி போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போது செவிலியராக இருப்பவள். அறுபது தாண்டியவர்களின் ஞாபகசக்தியைச் சோதிக்க ஒரு டேப்லெட் வந்திருக்கிறதாம். கேள்வியை அதுவே படிக்குமாம், மதிப்பெண்ணையும் அதுவே போடுமாம்.

“மூளை வயசாகறதைத் தள்ளிப் போடறது எப்படின்னு நீங்க வந்து பேசோணுமுங்கக்கா. சுந்தரமூர்த்தி டாக்டர்கூட அத்தனை வருசம் இருந்திருக்கீங்க” என்றாள்.

“பேச வரலை கண்ணு, எழுதித் தாரேன்” என்றேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் என் வயிற்றுக்கும் பதினெட்டு வருடப் பணிக்காலத்தில் சமாதானம் ஏற்படவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அதற்கு முயற்சி செய்வதாகவும் இல்லை.

என் பெயர் ஸ்டெல்லா. மருந்தாளுநராக இருந்தேன். சேலத்தில் இரண்டு வருடப் படிப்பு, ராசிபுரத்தில் ஒரு மருந்துக் கடையில் ஆறு வருடம், பிறகு அரசு வேலை. கொல்லிமலைக்குப் போட்டபோது “ஆறே மாசம்தாம்மா, அப்புறம் கீழே வந்துடலாம்” என்றார்கள். அந்த ஆறு மாதம் பதினெட்டு வருடம் நடந்தது. மலையில் எல்லோரும் என்னை நர்சம்மா என்றே கூப்பிட்டார்கள். முதல் வருடம் திருத்திப் பார்த்தேன். பிறகு அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

எங்கள் டாக்டர் சுந்தரமூர்த்தி எனக்கு முன்பே அங்கே இருந்தவர். மனைவி நாமக்கல்லில், அவர் வாரம் முழுக்க மலையில், செம்மேட்டு அரசுக் குடியிருப்பில். துப்புரவு வேலை செய்தவரைக்கூட “வாங்க, போங்க” என்றுதான் பேசுவார். டாக்டர்களின் கையெழுத்தைப் பற்றி ஊரில் சொல்லும் கேலியெல்லாம் அவரிடம் செல்லாது. மருந்துச் சீட்டை அச்சடித்த மாதிரி பெரிய எழுத்தில் எழுதுவார். பிழை இருந்தால் அடிக்க மாட்டார், சீட்டைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவார்.

மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கும் அவர் சட்டம் வைத்திருந்தார். “உங்க பேரு பெரியண்ணனான்னு கேக்காதீங்க. உங்க பேரென்னன்னு கேளுங்க. முதல் கேள்விக்கு மலையில எல்லாரும் ஆமாங்கன்னுதான் சொல்வாங்க” என்பார். பெயர் சரியானதும் சீட்டை மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை படிக்க வேண்டும். மாத்திரையைக் கொடுத்த பிறகு எதை எப்போது போடுவது என்று வாங்கியவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அவரை நகர விடக் கூடாது. சட்டத்தின் கடைசி வரி இது: “சந்தேகம் வந்தா எழுந்து என்கிட்ட வாங்க. உட்கார்ந்த இடத்துல சந்தேகம் தீராது.”

இவ்வளவு ஒழுங்கான மனிதருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது, மறதி. அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் சொந்த வீட்டுக்கே வழி கேட்டாராம். அதனால் டாக்டர் தன் மூளையை ஒரு பந்தயக் குதிரை மாதிரி வளர்த்தார். ஆங்கிலப் பேப்பர் பத்து மணி பஸ்ஸில் வரும். குறுக்கெழுத்தைப் பேனாவால்தான் போடுவார், பென்சில் கோழைகளுக்கு என்பார். இடது கையால் பல் துலக்குவார். புத்தகம் வாங்கித் தெலுங்கு படித்தார். மலையில் தெலுங்கு பேச ஆள் இல்லாததால் தனக்குத் தானே பேசிக்கொண்டார். நோயாளிகள் அதை மந்திரம் என்று நினைத்தார்கள். மருந்து வேகமாகக் கேட்பதாகவும் சொன்னார்கள்.

சந்தை நாள் காலையில் வராந்தாவில் முதியவர்களை உட்கார வைத்து மூளையைப் பற்றிப் பேசுவார். நல்ல பேச்சுதான். இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தால் மூளைக்குப் போகும் சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள் கெடாது. உப்பைக் குறைக்க வேண்டும், புகையிலையை விட வேண்டும். காது மந்தமானால் கூச்சப்படாமல் கருவி வைக்க வேண்டும், ஏனென்றால் காதில் விழாத பேச்சை மூளை தேடாது. நன்றாகத் தூங்க வேண்டும், நாலு பேரோடு பழக வேண்டும், புதிதாக எதையாவது கற்க வேண்டும். சர்க்கரை மாத்திரை போடுகிறவருக்குத் திடீரென்று வியர்த்து நாக்குக் குழறினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும் என்பதையும் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

“முக்கியமா, தினம் அரை மணி நேரம் நடக்கணும்” என்று முடித்தார் ஒரு நாள்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். “நடந்துதானுங்க வந்தோம் சாமி. காலையில பஸ் வரலை. இந்த ரெண்டு மணி நேரத்துல அரை மணியைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தை நாளைக்கு வெச்சுக்கலாமுங்களா?”

டாக்டர் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் நடக்க வேண்டும், சேர்த்து வைக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினார்.

பிறகு மேலிடத்திலிருந்து ஞாபகசக்தித் தாள் வந்தது. மொத்தம் முப்பது மதிப்பெண். எங்கேயோ, யாருக்கோ எழுதியதைத் தமிழில் மாற்றியிருந்தார்கள். டாக்டர் கேட்பார், பக்கத்தில் உட்கார்ந்து நான் குறிப்பேன். முதல் நாள் வந்தவர்களில் செல்லம்மா என்று ஒருவர். எழுபது வயதிருக்கும், காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கப் போகிறவர்.

“இது என்ன வருஷம்?”

“மழை தப்புன வருசமுங்க.”

“நாம இப்ப இருக்கிறது என்ன நாடு?”

“குண்டூர் நாடுங்க.”

மலையில் ஊர்க் கூட்டத்துக்குப் பெயரே நாடுதான். தாளில் இருந்த விடை இந்தியா. டாக்டர் என் பக்கம் விரலை வட்டமாகக் காட்டினார். நான் பூஜ்ஜியம் போட்டேன்.

“எத்தனாவது மாடியில இருக்கோம்?”

செல்லம்மா கூரையை அண்ணாந்து பார்த்தார். “மாடியே இல்லீங்களே. இருக்கோணுமுங்களா?”

இன்னொரு பூஜ்ஜியம். கப்பல், விளக்கு, மாம்பழம் என்று மூன்று வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்க வேண்டும். விளக்கும் மாம்பழமும் வந்தன. “இன்னொண்ணு என்னமோ தண்ணியில போறதுன்னீங்க. நான் அதைப் பாத்ததில்லீங்க, அதனால வெச்சுக்கலை” என்றார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் கையில் பேனாவைக் கொடுத்து ஐங்கோணம் வரையச் சொன்னோம். கடைசியில் பதினொன்று வந்தது. ‘மறதி நோய் இருக்கலாம்’ என்று டாக்டர் எழுதினார்.

அடுத்த சந்தைக்குச் செல்லம்மா நேராக என் ஜன்னலுக்கு வந்தார்.

“ஏனுங்க நர்சம்மா, எனக்கு மறதின்னு எழுதீட்டாராமே. போன சந்தைக்கு நீங்க பச்சைச் சீலை கட்டியிருந்தீங்க. அதுக்கு முந்துன சந்தைக்கு நீங்க வரலை, உங்க மாமியாருக்குக் காய்ச்சல். மறதின்னா இதெல்லாம் இருக்குமுங்களா? அந்தத் தாள்ல இருக்கறதெல்லாம் உங்க ஊட்டுக் கேள்வி. எங்க ஊட்டுக் கேள்வியைக் கேக்கச் சொல்லுங்க.”

எழுந்து போய் டாக்டரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, “அந்தம்மா சொல்றது சரி. நான் மூளையைச் சோதிக்கலை, பள்ளிக்கூடத்தைச் சோதிச்சிருக்கேன்” என்றார். தன் பெரிய எழுத்தில் மலைக்கென்று பத்துக் கேள்விகள் எழுதினார். இப்போது எது காய்க்கிற பருவம், போன சந்தையில் என்ன வாங்கினீர்கள், இன்றைக்கு உங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றது யார், இப்படி. செல்லம்மாவை மறுபடி கூப்பிட்டுக் கேட்டார். பத்துக்குப் பத்து. வரிசையில் பின்னால் நின்றவர்கள் பெயரையும் சேர்த்துச் சொன்னார். மேலிடத்துக்கு அந்தத் தாளை அனுப்பினோம். படிவத்தை மாற்ற அதிகாரம் இல்லை என்று பதில் வந்தது. டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்தினார். என் பணிக்காலத்தில் நான் பார்த்த மிக நல்ல காரியங்களில் அது ஒன்று.

அதற்கு ஒரு வருடம் கழித்து அவரிடம் சின்னச் சின்ன மாற்றங்கள் தெரிந்தன. காலையில் கேட்டதையே மதியம் கேட்டார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே தேடினார். குறுக்கெழுத்து மட்டும் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதை வைத்தே நானும் என் மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். மறதிக்காரர் பேனாவால் குறுக்கெழுத்துப் போடுவாரா என்ன?

ஒரு சந்தை நாளில் வளப்பூர் நாட்டிலிருந்து பெரியண்ணன் வந்தார். மிளகு போடுகிறவர், அறுபத்தைந்து தாண்டியவர், பல வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர். சீட்டில் நாலு வரி. முதல் வரியில் சர்க்கரை மாத்திரை, காலையில் ஒன்று. பிறகு கொதிப்பு மாத்திரை, சத்து மாத்திரை. நாலாவது வரியில் மறுபடியும் அதே சர்க்கரை மாத்திரை, காலையில் இரண்டு.

சட்டப்படி கீழிருந்து மேலாகப் படித்தபோது அது என் கண்ணில் பட்டது. படவில்லை என்று இங்கே எழுதினால் யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் பட்டது. ஜன்னலுக்கு வெளியே நாற்பது பேர் நின்றார்கள், டாக்டர் அறைக்கு முன்னாலும் கூட்டம். அளவைக் கூட்டியிருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அச்சடித்த மாதிரி எழுதியிருந்த அந்த எழுத்தைச் சந்தேகப்பட எனக்குத் துணிவு வரவில்லை. நான் எழுந்து போகவில்லை. பெரியண்ணன் காலையில் மூன்று சர்க்கரை மாத்திரை என்ற கணக்கைத் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னார். கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் காலை மூன்று மாத்திரையையும் போட்டுக்கொண்டு, வேலை இருக்கிறதென்று சாப்பிடாமல் ஒரு டீயோடு பஸ் ஏறியிருக்கிறார். பாதி வழியில் வியர்த்துக் கொட்டியது, பேச்சுக் குழறியது, பக்கத்து ஆள்மேல் சாய்ந்தார். காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். கண்டக்டர் இறக்கிவிட விசில் ஊதப் போனார்.

அந்தப் பஸ்ஸில் செல்லம்மா இருந்தார். எழுந்து வந்து பெரியண்ணனின் வாயை மோந்து பார்த்தார். “இது சாராயம் இல்லீங்க. சர்க்கரை எறங்கீருச்சு. டாக்டர் சந்தைக்குச் சந்தை சொல்றாரே, நீங்க யாரும் கேக்கறதில்லீங்களா?” என்றாராம். யாரோ மடியில் வைத்திருந்த ரேஷன் சர்க்கரையைப் பிரித்து, தண்ணீரில் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க வைத்தார். எங்களிடம் வந்து சேர்ந்தபோது பெரியண்ணன் எழுந்து உட்கார்ந்திருந்தார். “தலை சுத்துச்சுங்க, இப்பத் தேவலை” என்றார், ஏதோ தன்மேல் தப்பு மாதிரி. முப்பதுக்குப் பதினொன்று வாங்கியவர் பக்கத்தில் நின்று முந்தானையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவரைப் பார்த்தார், குளுக்கோஸ் ஏற்றினார். எல்லாம் சரியாகச் செய்தார். பிறகு என்னிடம், “யாரு இவருக்கு மூணு மாத்திரை குடுத்தது?” என்று கேட்டார்.

சீட்டை எடுத்து வைத்தேன். அதோடு, மீதிச் சீட்டுகளைத் தேடியபோது கிடைத்த இன்னும் இரண்டையும் வைத்தேன். அவற்றிலும் ஒரே மருந்து இரண்டு முறை எழுதியிருந்தது. அவை ஆபத்தில்லாத மருந்துகள் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

“சார், நான் அப்பவே எழுந்து வந்திருக்கணும். அது என் தப்பு. ஆனா நீங்க ஒருதரம் சேலம் போய்க் காட்டிக்கிட்டா நல்லதுங்க” என்றேன். பதிமூன்று வருடத்தில் அவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

அவர் முகம் மாறியது. அலமாரியைத் திறந்து மேலிடத்துத் தாளை எடுத்து என் முன்னால் போட்டார். “கேளுங்க” என்றார்.

கேட்டேன். வருடம், மாதம், நாடு, மாடி எல்லாம் வந்தன. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தார், நான் விரல் விட்டுச் சரிபார்ப்பதற்குள் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார். கப்பல், விளக்கு, மாம்பழம். இரண்டு வருடமாக நூற்றுக்கணக்கானவர்களிடம் அவரே கேட்ட கேள்விகள். முப்பதுக்கு முப்பது.

“மார்க்கைப் போட்டுக் கையெழுத்துப் போடுங்க” என்றார். போட்டேன். பிறகு மெதுவாக, “சார், இன்னைக்குப் பெரியண்ணனுக்கு முன்னால யாரைப் பாத்தீங்க?” என்று கேட்டேன்.

அவர் சுவரைப் பார்த்தார். நாட்காட்டியைப் பார்த்தார். “அது இந்தத் தாள்ல இல்லை” என்றார்.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. மருந்து வழங்கியதில் கவனக்குறைவு, மேலதிகாரியிடம் வரம்பு மீறிய பேச்சு, மூன்று நாளில் விளக்கம் தேவை. பெரிய எழுத்தில், ஒரு பிழை இல்லாமல் எழுதியிருந்தார். முதல் குற்றம் உண்மை என்றும், இரண்டாவதைத் திரும்பவும் செய்வேன் என்றும் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். வாங்கி, படித்து, என் நகலிலும் தேதி போட்டுத் தந்துவிட்டு வைத்துக்கொண்டார். வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைவிட அடுத்த சீட்டைப் பற்றிய பயம் பெரிதாக இருந்தது. அந்த இரண்டு நாளும் ஒவ்வொரு சீட்டுக்கும் எழுந்து போனேன். அவர் முகத்தைப் பார்க்காமல் படித்துக் காட்டினேன். அவரும் என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார். வெளியே வரிசை முணுமுணுத்தது.

மூன்றாம் நாள் காலை என் மேசைமேல் மறுபடி ஒரு மெமோ இருந்தது. அதே கவனக்குறைவு, அதே வரம்பு மீறிய பேச்சு, அதே மூன்று நாள். ஒரு கமா மாறவில்லை. தேதி மட்டும் புதிது.

அதை மேலிடத்துக்கு அனுப்பியிருந்தால் என் மெமோ கதை அன்றே முடிந்திருக்கும். எனக்கு மனம் வரவில்லை. மதியம் கூட்டம் கலைந்த பிறகு இரண்டு மெமோவையும், நான் கொடுத்த விளக்கத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். மேசையில் வரிசையாக வைத்தேன்.

முதலாவதைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே கீழிருந்து மேலாக ஒரு முறை படித்தார். என் விளக்கத்தில் தன் கையால் போட்ட தேதியின்மேல் விரலை வைத்தபடி இருந்தார்.

“ரெண்டும் என் எழுத்துதான்” என்றார் கடைசியில்.

“ஆமாங்க சார்.”

“ரெண்டாவது எழுதினப்ப முதல் தடவைன்னுதான் எழுதியிருக்கேன்.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ பலாப்பழத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

“என் சீட்டை நீங்க ஒவ்வொண்ணா பாத்துக் குடுங்க, நான் இந்த மார்ச் வரைக்கும் ஓட்டிடறேன்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கெஞ்சி நான் கேட்டதேயில்லை.

“இல்லீங்க சார். நான் ஒருதரம் தப்ப விட்டுட்டேன். லீவு எழுதுங்க.”

எழுதினார். அதையும் அழகாகத்தான் எழுதினார். அன்று மாலைப் பஸ்ஸில் நானும் அவரோடு நாமக்கல் வரை இறங்கினேன். வளைவுகள் முழுக்க என் வயிறு புரண்டது. அவர் எனக்கு எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார்.

அவர் மனைவி கமலாம்மா சேலத்துக்கு அழைத்துப் போனார். ஸ்கேன் எடுத்த டாக்டர் முதலில் கேட்டது ஒன்றுதான்: “சார், உங்க பிரஷர் எவ்வளவு?” சுந்தரமூர்த்தி சாருக்குத் தெரியவில்லை. மலையில் ஆயிரக்கணக்கான கைகளில் பட்டை கட்டியவர் தன் கையில் ஒரு நாளும் கட்டிக்கொண்டதில்லை. பல வருடமாகக் கொதிப்பு ஏறியே இருந்திருக்கிறது. மூளைக்குள் சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள் அங்கங்கே அடைத்துப்போயிருந்தன. காதும் ஒரு பக்கம் மந்தம். அதனால்தான் தெலுங்கைத் தனக்குத் தானே அவ்வளவு சத்தமாகப் பேசியிருக்கிறார் போலிருக்கிறது.

போனது வராது, இனிமேல் போவதைத் தாமதப்படுத்தலாம் என்றார்கள். விருப்ப ஓய்வு வாங்கினார். கொதிப்புக்கு மாத்திரை, காதுக்குக் கருவி, காலையில் நடை, சாப்பாட்டில் உப்பு பாதி. இத்தனை வருடம் வராந்தாவில் மற்றவர்களுக்குச் சொன்னதைத்தான் சேலத்தில் அவருக்குக் காசு வாங்கிக்கொண்டு சொன்னார்கள். அவர் ஒவ்வொன்றையும் ஒரு நல்ல நோயாளியைப் போலத் திருப்பிச் சொன்னார் என்று கமலாம்மா சொன்னார். ஆறு வருடம் ஆகிறது. வேகமாகக் கீழே போகாமல் இருக்கிறார். சில நாள் என் பெயர் வரும், சில நாள் “ஜன்னல்” என்று கூப்பிடுவார். அதுவும் தப்பில்லை.

பெரியண்ணனிடம் நடந்ததை நானே சொன்னேன். வளப்பூர் போய், அவர் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். “அட, டாக்டருக்கும் வயசாகுமுங்களா” என்று கேட்டுவிட்டு, ஒரு படி மிளகு கட்டிக் கொடுத்தார். டாக்டருக்கு என்றார்.

இந்தப் பொங்கலுக்குப் பிறகு நாமக்கல்லில் ஓய்வூதியர் கூட்டம் ஒன்று நடந்தது. முதுமையில் மூளையைக் காப்பது பற்றி ஒரு இளம் டாக்டர் பேசினார். கமலாம்மாவும் நானும் சுந்தரமூர்த்தி சாரை முன்வரிசையில் உட்கார வைத்தோம். இளைஞர் நன்றாகப் பேசினார். திரையில் வண்ண வண்ணமாக மூளை சுற்றியது. குறுக்கெழுத்து போடுங்கள், புதிய மொழி கற்றுக்கொள்ளுங்கள், இடது கையால் வேலை செய்யுங்கள் என்றார். கேள்வி கேட்கலாம் என்றதும் சார் எழுந்து நின்றார். கமலாம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“தம்பி, உங்க பிரஷரைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?”

இளைஞர் சிரித்தார். “எனக்கென்னங்க சார், முப்பத்தெட்டு வயசுதானே ஆகுது.”

“நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்” என்றார் சார். “எந்த வயசு வரைக்கும்னுதான் ஞாபகம் இல்லை.”

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. உறுப்பினர்களுக்குப் பரிசோதிக்க மேசையில் வைத்திருந்த பிரஷர் கருவியைக் காட்டி, “ஸ்டெல்லா, பாருங்க” என்றார். இளைஞர் மரியாதைக்குக் கையை நீட்டினார். நான் ஒரு முறை பார்த்தேன். ஐந்து நிமிடம் விட்டு மறுபடியும் பார்த்தேன், எண் இறங்கவில்லை. பிறகு குனிந்து, இளைஞருக்கு மட்டும் கேட்கும்படி அதைச் சொன்னேன்.

மீதிக் கேள்விகளுக்கு அந்த இளைஞர் உட்கார்ந்துகொண்டே பதில் சொன்னார்.